ஆண் கருவள ஆராய்ச்சி: யாழ்ப்பாணத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விந்தணுக்களை ஆராய்கிறவள். சொந்த இடம் யாழ்ப்பாணம். பாடசாலைகளில் உயிரியல் பிரிவுப் பிள்ளைகளோடு கதைக்கப் போனாலும் சரி, கலியாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தாலும் சரி, அநேகமாக ஒரே கேள்விகள்தான் வருகின்றன. பிள்ளைகள் சத்தமாகக் கேட்பார்கள். பெரியவர்கள் காதுக்குள் கேட்பார்கள். இரண்டு வகைக்கும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பரிசோதனை பற்றிச் சொல்லியிருப்பவை பொதுவான விளக்கங்கள் மட்டுமே. உங்கள் அறிக்கையை உங்கள் வைத்தியரிடம் காட்டுங்கள்.

நீங்கள் வைத்தியரா?

இல்லை. விலங்கியல் படித்து, பிறகு இனப்பெருக்க உயிரியலில் கலாநிதிப் பட்டம் செய்தவள். விந்தணு எப்படி உருவாகிறது, எப்படி நீந்துகிறது, முட்டையை எப்படி அடையாளம் காண்கிறது, இதில் எந்த இடத்தில் பிசகுகிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. மருந்து எழுத மாட்டேன். ஊரில் “டொக்டர் அக்கா” என்று கூப்பிட்டுவிட்டு அடுத்த வசனத்தில் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்கிறவர்கள் இதைக் கவனத்தில் எடுக்கவும்.

ஏன் ஆண் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தீர்கள்? குழந்தை பிறப்பது பெண்ணுக்குத்தானே?

இந்தக் கேள்விதான் நான் இந்தத் துறைக்கு வந்ததற்குக் காரணம். எங்கள் ஊரில் கலியாணமாகி ஒரு வருடத்துக்குள் விசேஷம் இல்லையென்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பது பெண்ணைத்தான். கந்தசஷ்டி விரதம் பிடிப்பதும் அவள், ஸ்கான் எடுப்பதும் அவள், மாதம் தவறாமல் இரத்தம் கொடுப்பதும் அவள். கருக்குழாய்க்குள் சாயம் ஏற்றிப் படம் பிடிக்கிற நோகிற பரிசோதனை வரைக்கும் போய் முடித்த பிறகுதான், “தம்பியையும் ஒருக்கால் பார்த்தால் என்ன?” என்று யாராவது மெல்ல வாய் திறப்பார்கள். தம்பிக்குச் செய்ய வேண்டிய பரிசோதனைக்கு ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. ஒரு சிறு போத்தலில் மாதிரி கொடுத்தால் போதும்.

உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்க்கையில் ஏதோ ஒரு காலத்தில் கருவளப் பிரச்சினையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது. அப்படிப்பட்ட தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. சில இடங்களில் அது மட்டுமே காரணம், சில இடங்களில் இருவரிடமும் ஏதாவது இருக்கும். வீட்டில் பார்க்காமல் விடுவது போலத்தான் ஆராய்ச்சி உலகமும் ஆண் பக்கத்தை நெடுங்காலம் பார்க்காமல் விட்டது.

இந்தத் துறையில் ஒருவருடைய ஆராய்ச்சி வாழ்க்கை எப்படிப் போகும்? யாராவது ஒருவரை உதாரணம் சொல்லுங்கள்.

ரியூசோ யனகிமாச்சி. மாணவர்களிடம் எப்போதும் இவரைப் பற்றித்தான் சொல்வேன். நோபல் பரிசு வாங்காத ஆள் என்பதால் பாடப்புத்தகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார்.

1928இல் ஜப்பானின் ஹொக்கைடோவில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். முதலில் ஆராய்ந்தது மனித விந்தணுவை அல்ல, ஹெரிங் மீனின் விந்தணுவை. ஹெரிங் என்பது எங்கள் சந்தையில் குவித்து வைத்து விற்கிற சூடை மீனுக்குத் தூரத்துச் சொந்தம். கடல்நீரில் விட்டால் மற்ற மீன்களின் விந்தணுக்கள் துள்ளிக்கொண்டு ஓடும்; ஹெரிங்கின் விந்தணு அசையாமல் கிடக்கும். முட்டையின் கோதில் ஒரு நுண்ணிய துளை இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வந்தவுடன்தான் அது உயிர்பெற்று நீந்தி உள்ளே போகும். விந்தணுவைத் தட்டி எழுப்பும் ஏதோ ஒன்று முட்டையின் பக்கமிருந்து வருகிறது என்பதை அவர் மீனில் கண்டுகொண்டார்.

கலாநிதிப் பட்டம் முடித்தும் ஆராய்ச்சி வேலை கிடைக்கவில்லை. சில காலம் உயர்நிலைப் பாடசாலையில் படிப்பித்தார். (பட்டம் முடித்து வேலைக்குக் காத்திருக்கிற எங்கள் பிள்ளைகள் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள்.) 1960இல் அமெரிக்காவின் மசாசூசெட்ஸில் எம். சி. சாங் என்பவரின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. சாங் சாதாரண ஆள் இல்லை. புதிதாக வெளிவந்த விந்தணுவால் உடனே முட்டையைக் கருக்கட்ட முடியாது, பெண் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து அது தகுதி பெற வேண்டும் என்று 1951இல் கண்டவர். அதே ஆண்டில் கொலின் ஒஸ்ரின் என்ற அவுஸ்திரேலியரும் தனியாக அதையே கண்டார். 1959இல் முயலின் முட்டையை உடலுக்கு வெளியே கருக்கட்ட வைத்துக் குட்டிகளையும் பெற்றுக் காட்டியவர் சாங்.

யனகிமாச்சி அடுத்த படி ஏறினார். 1963இல் அவரும் சாங்கும் ஹாம்ஸ்டர் என்ற சிறிய கொறிவிலங்கில், விந்தணு தகுதி பெறுவதையும் கருக்கட்டலையும் கண்ணாடித் தட்டிலேயே நடத்திக் காட்டினார்கள். பெண் உடலுக்குள் நடக்கிற ரகசியம் நுணுக்குக்காட்டிக்கு அடியில் வந்துவிட்டது. 1978 ஜூலை 25இல் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுண் பிறந்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட எத்தனையோ ஹாம்ஸ்டர்களும் முயல்களும் இருக்கின்றன.

பிறகு அவர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கடைசி வரைக்கும் அங்கேதான். தகுதி பெற்ற விந்தணு வாலைச் சவுக்குப் போல வெறித்தனமாக அடிப்பதைக் கவனித்தார். 1976இல் வெளியுறை நீக்கிய ஹாம்ஸ்டர் முட்டைக்குள் மனித விந்தணு புகும் என்று காட்டினார்; அது பல வருடங்கள் வைத்தியசாலைகளில் விந்தணுப் பரிசோதனையாகப் பயன்பட்டது. அதே ஆண்டில் விந்தணுவை ஊசியால் நேரே முட்டைக்குள் செலுத்தியும் பார்த்தார். 1998இல் அவருடைய ஆய்வுகூடத்திலிருந்து இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, உறைய வைத்து உலர்த்திய, உயிரற்ற எலி விந்தணுவிலிருந்து குட்டி பிறந்தது. மற்றது, ‘கியூமுலினா’ என்ற குளோனிங் எலி. அப்போது அவருக்கு ஏறத்தாழ 70 வயது. அந்த ஆய்வுகூடத்தில் இருந்த வகயாமா பின்னாளில் உலர்ந்த எலி விந்தணுவைச் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பி, திரும்ப எடுத்து, அதிலிருந்தும் குட்டிகளைப் பெற்றார். யனகிமாச்சிக்கு 2023இல் கியோட்டோ பரிசு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே காலமானார்.

நான் கவனிக்கச் சொல்வது ஒன்றைத்தான். மீனில் தொடங்கினாலும் ஹாம்ஸ்டரில் தொடர்ந்தாலும் எலிக்குப் போனாலும் மனிதர் ஒரே கேள்வியைத்தான் பின்தொடர்ந்தார்: விந்தணு முட்டையிடம் எப்படிப் போய்ச் சேருகிறது?

இப்போது இக்சி முறையில் ஒரே ஒரு விந்தணுவை முட்டைக்குள் ஊசியால் ஏற்றிவிடுகிறார்களே. இனி ஆராய என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அதற்கு ஒரு காரணம் இக்சிதான். 1992இல் பிரசல்ஸில் பலேர்மோவும் கூட்டாளிகளும் இந்த முறையில் கருத்தரித்ததை வெளியிட்டார்கள். அதற்கு முன் விந்தணு மிகக் குறைந்த ஆண்களுக்கு வேறொருவரின் விந்தணுவைத் தவிர அநேகமாக வழியே இருக்கவில்லை. பெரிய கொடை, அதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒரு விந்தணு கிடைத்தால் போதும் என்றானவுடன், மற்றவை எங்கே போயின என்று கேட்கிற அவசரம் குறைந்துவிட்டது. வைத்தியசாலையும் கேட்பதில்லை, தம்பதியும் கேட்பதில்லை, ஆராய்ச்சிக்குக் காசு கொடுக்கிறவர்களும் பெரிதாகக் கேட்பதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். சில ஆண்களின் வை (Y) நிறமூர்த்தத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமல் இருக்கும். அதனால் விந்தணு குறைவாக இருக்கும். அவருடைய விந்தணுவை எடுத்து இக்சி செய்து மகன் பிறந்தால் அந்தக் குறையும் மகனுக்குப் போகும். தகப்பனிடம் தேடாத காரணத்தை இருபத்தைந்து வருடம் கழித்து மகனிடம் தேட வேண்டி வரும். ஆண்களைப் பற்றிய ஆராய்ச்சி பின்தங்கியதில் எனக்குள்ள கோபம் இதுதான்.

அப்புறம், அடிப்படை உயிரியலிலும் புதிதாக வந்துகொண்டே இருக்கிறது. விந்தணுவின் வாலில் மட்டும் இருக்கிற கல்சியம் வாயில் ஒன்று 2001இல்தான் தெரிய வந்தது. முட்டையோடு ஒட்டுவதற்கு விந்தணுவில் தேவையான புரதம் 2005இல், முட்டையில் அதற்குரிய சோடி 2014இல். லீவன்ஹூக் என்ற நெதர்லாந்துக்காரர் நுணுக்குக்காட்டியில் விந்தணுவை முதலில் பார்த்தது 1677இல் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்?

எண்ணுவது. படத்தில் வருகிற மாதிரி நிறம் மாறும் குழாய்கள் எல்லாம் அதிகம் இல்லை. சதுரக் கோடுகள் போட்ட நியூபாவர் கண்ணாடியில் ஒரு துளி விட்டு, ஒரு மாதிரிக்கு இரண்டு தடவை, தடவைக்குக் குறைந்தது 200 விந்தணுக்களாவது எண்ண வேண்டும். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துவராவிட்டால் திரும்பவும் முதலிலிருந்து. கணினிகள் உதவுகின்றன, ஆனால் கையால் எண்ணத் தெரியாதவர் கணினி பிழைவிட்டாலும் கண்டுபிடிக்க மாட்டார். பரபரப்பு வேண்டுமென்றால் வேறு துறை பாருங்கள்.

விந்துப் பரிசோதனை அறிக்கையில் 16 மில்லியன் என்று இருக்கிறதே, அது சித்தியடைகிற புள்ளியா?

எல்லாவற்றையும் சோதனைப் புள்ளியாகப் பார்க்கிற ஊர் இது, அதனால் இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியமில்லை. உலக சுகாதார நிறுவனம் 1980 முதல் விந்துப் பரிசோதனைக் கையேடு வெளியிடுகிறது. ஆறாவது பதிப்பு 2021இல் வந்தது. அதன்படி ஒரு மில்லிலீற்றரில் 16 மில்லியன் விந்தணுக்கள், மொத்தத்தில் 39 மில்லியன், அசைபவை 42 வீதம், சரியான வடிவம் 4 வீதம் என்பவை கீழ் எல்லைகள். இவற்றை எப்படி எடுத்தார்கள்? ஒரு வருடத்துக்குள் மனைவி கர்ப்பமான ஆண்களை மட்டும் அளந்து, அவர்களில் கடைசி 5 வீதத்தினர் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆகவே அந்த எல்லைக்குக் கீழே இருந்தவர்களும் தகப்பன்மார்தான். எல்லைக்கு மேலே இருந்தால் குழந்தை நிச்சயம் என்றும் இல்லை. வடிவம் 4 வீதம் என்பதைப் பார்த்து அழுதுகொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனால் 4 வீதம் என்பது சாதாரணம்.

இன்னும் சில விஷயங்கள். 2 முதல் 7 நாட்கள் இடைவெளி விட்டு மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் பார்த்தாக வேண்டும். கொடிகாமத்தில் வீட்டில் எடுத்து, பஸ்ஸுக்குக் காத்து நின்று யாழ்ப்பாணம் கொண்டுவந்தால் பிந்திவிடும். ஆய்வுகூடத்திலேயே கொடுப்பது நல்லது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது சிந்தியிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். ஒரே அறிக்கையை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும், அதன் பிறகு முதிர்ந்து வெளியே வரச் சில நாட்கள். மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சலில் படுத்தவர் அடுத்த மாதமே பரிசோதித்தால் காய்ச்சலின் பாதிப்பைத்தான் அறிக்கையில் காண்பார். மூன்று மாதம் கழித்துத் திரும்பச் செய்யலாம்.

உலகம் முழுக்க விந்தணு குறைகிறது என்பது உண்மையா?

பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளிவந்த கட்டுரை, மேற்கு நாடுகளில் 1973க்கும் 2011க்கும் இடையில் விந்தணுச் செறிவு பாதிக்கு மேல் குறைந்ததாகக் கணக்கிட்டது. அதே குழு 2022இல் ஆசியா, ஆபிரிக்கா, தென் அமெரிக்காவையும் சேர்த்துப் பார்த்து, சராசரிச் செறிவு மில்லிலீற்றருக்கு 101 மில்லியனிலிருந்து 2018 அளவில் 49 மில்லியனுக்கு வந்திருப்பதாகச் சொன்னது. 49 என்பது இன்னும் 16க்கு நன்றாக மேலேதான் என்பதைத் தலைப்புச் செய்திகள் சொல்வதில்லை. எண்ணும் முறைகள் காலத்துக்குக் காலம் மாறியவை, மாதிரி கொடுக்க முன்வந்தவர்கள் யார் என்பதும் இடத்துக்கிடம் வேறு என்று எதிர்வாதமும் பலமாக இருக்கிறது. குறைவு ஓரளவு உண்மை என்றே நான் நினைக்கிறேன். மனித இனம் அழியப்போகிறது என்ற கதையை நம்பவில்லை.

போன் பொக்கெற்றில் வைப்பது, இறுக்கமான ஜீன்ஸ், மோட்டார் சைக்கிள்: எது கூடாது?

விந்தணு உருவாகிற விதைகள் உடலுக்கு வெளியே தொங்குவது சூடு குறைய வேண்டும் என்பதற்காக. உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 பாகை குறைவாக இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், தளர்வான உள்ளாடை அணிந்த ஆண்களின் விந்தணுச் செறிவு மற்றவர்களைவிட 25 வீதம் அதிகமாக இருந்தது. எங்கள் அப்பாமாரின் சாரத்துக்கு இந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது. நாள் முழுக்க வெதுப்பக அடுப்புக்கு முன் நிற்பவர்கள், மணிக்கணக்கில் வண்டி ஓட்டுபவர்கள் இடையிடையே எழும்பி நடக்கலாம். பின்னேரம் ரியூசனுக்கு மோட்டார் சைக்கிளில் போவதால் ஒன்றும் ஆகாது.

போன் பற்றி 2023இல் சுவிட்சர்லாந்திலிருந்து வந்த ஆய்வு 2,886 இளைஞர்களைப் பார்த்தது. ஒரு நாளில் 20 தடவைக்கு மேல் போன் பாவித்தவர்களுக்குச் செறிவு குறைவாக இருந்தது. ஆனால் பொக்கெற்றில் வைத்தவர்களுக்கும் பையில் வைத்தவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே போனா, போனோடு வருகிற வாழ்க்கை முறையா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. புகைத்தல் பற்றி அப்படிச் சுற்றி வளைக்கத் தேவையில்லை, விட்டுவிடுங்கள்.

தோட்டத்துக்கு மருந்து அடிப்பவர்களுக்குப் பாதிப்பு உண்டா?

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம், மிளகாய், புகையிலை செய்கிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி. கேட்பதோ அவர்களின் மனைவிமார். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டி.பி.சி.பி. என்ற வட்டப்புழுக் கொல்லி தயாரிக்கிற தொழிற்சாலையில் வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் கதைத்தபோதுதான், தங்களில் பலருக்குப் பிள்ளை பிறக்காததைக் கவனித்தார்கள். பரிசோதித்தால் பலரிடம் விந்தணு மிகக் குறைவு. சிலரிடம் அறவே இல்லை. அங்கே பெரும்பாலும் தடைசெய்த பிறகும் மத்திய அமெரிக்க வாழைத்தோட்டங்களில் அதைப் பாவித்தார்கள். எல்லா மருந்தும் அப்படிச் செய்யும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் வெறுங்காலோடு, சேட்டைக் கழற்றிப்போட்டு, காற்றுக்கு எதிராக நின்று அடிக்கிற பழக்கத்தை விடுவதற்கு ஆராய்ச்சி முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்னிடம் ஆய்வுத் தலைப்புக் கேட்கிற மாணவருக்கு முதலில் சொல்வது இதைத்தான்: சுன்னாகத்துக்கோ கோப்பாய்க்கோ போய், எந்தத் தோட்டக்காரர் எதை, எவ்வளவு, எப்படி அடிக்கிறார் என்று எழுதிக்கொண்டு வா.

ஜிம்மில் போடுகிற ஊசி?

தசை பெருக்கப் போடுகிற டெஸ்டோஸ்டெரோன் வகை ஊசிகள் விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். வெளியிலிருந்து ஓமோன் வந்தால் மூளை, விதைகளுக்கு அனுப்புகிற கட்டளையை நிறுத்திவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு ஊசியை விட்டு மாதக்கணக்கில் காத்திருந்தால் திரும்ப வரும். சிலருக்கு வருடத்துக்கு மேலாகும்.

நாட்டு மருந்து வேலை செய்யுமா?

சிலவற்றைக் கேலி செய்ய முடியாது. பூனைக்காலி விதையை விந்தணு குறைந்த ஆண்களுக்குக் கொடுத்து லக்னோவில் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. ஓமோன் அளவும் விந்தணுவும் மேம்பட்டதாகச் சொன்னது. மருந்தில்லை என்று தெரியாமல் வெறும் மாத்திரை எடுத்த குழுவோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகள் வந்தால்தான் நான் உறுதியாகக் கதைப்பேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியராக இருந்த டபிள்யூ. டி. ரத்னசூரிய, இலங்கையின் பாரம்பரிய மூலிகைகள் ஆண் எலிகளின் இனப்பெருக்கத்தை என்ன செய்கின்றன என்று நீண்ட காலம் ஆராய்ந்தார். எலிக்கூடும் நுணுக்குக்காட்டியும் பொறுமையும் இருந்தால் இந்த நாட்டிலேயே இதைச் செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி. கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிற பிள்ளைகளும் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் விலங்கியல் படிக்கிற பிள்ளைகளும் ஒரே மேசையில் இருந்தால் நல்ல வேலை நடக்கும். பத்திரிகை விளம்பரத்தில் வருகிற, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதாத தூள்களைத் தொடாதீர்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து இந்தத் துறைக்கு எப்படி வருவது?

உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. மருத்துவம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நாடகம் நடக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இருக்கிறது, மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது, கிளிநொச்சியில் விவசாய பீடம் இருக்கிறது. மிருக வைத்தியம் என்றால் பேராதனை. கால்நடைப் பக்கத்தைக் குறைவாக நினைக்காதீர்கள். உறைய வைத்த விந்தணு என்ற தொழில்நுட்பமே 1949இல் கிளிசரோலின் பாதுகாப்புத் தன்மையை இங்கிலாந்தில் போல்ஜும் கூட்டாளிகளும் கண்டதிலிருந்து வந்தது. அதை முதலில் பெருமளவில் பயன்படுத்தியது மாட்டுப் பண்ணைகள். பட்டத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். புள்ளிவிபரவியலில் பலவீனமானவர் இங்கே நிலைக்க மாட்டார். கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாட்டுப் புலமைப்பரிசில் தேட வேண்டி வரலாம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் அவருடைய கட்டுரையை வாசித்ததற்கு அடையாளம் இருக்கட்டும்.

சம்பளம்? விரிவுரையாளர் சம்பளம்தான். இதை வைத்துக் கொழும்பில் வீடு வாங்கும் திட்டம் போடாதீர்கள்.

பெண்பிள்ளை இந்த வேலை செய்யலாமா? கலியாணப் பேச்சில் என்ன சொல்வது?

ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரி என்பது இலக்கமிட்ட ஒரு போத்தல். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பெயருக்குப் பதில் இலக்கம் போடுவதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் இது சின்ன ஊர். யாருடைய மாதிரி என்று தெரிந்தால் பின்னேரம் கோயில் வீதியில் அவரை நேரே பார்க்க வேண்டியிருக்கும். கலியாணப் பேச்சில் என் அம்மா “பல்கலைக்கழகத்தில் உயிரியல் ஆராய்ச்சி” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். நான் முழுதாகச் சொன்னேன். ஒரு இடம் அதோடு நின்றுபோனது. இன்னொரு இடத்தில் மாப்பிள்ளை மேலும் கேட்டார். அவரைத்தான் கட்டினேன்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகிற பையனுக்குப் பின்னால் பிள்ளை பிறக்குமா?

சிலருக்கு விந்தணு திரும்ப வரும், சிலருக்கு வராது; மருந்தையும் அளவையும் பொறுத்தது. ஆகவே முதல் கீமோ மருந்து ஏற்றுவதற்கு முன்பே விந்தணுவை எடுத்து உறைய வைப்பது பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் காட்டினாலும் மகரகமவுக்குப் போனாலும் இதைக் கேட்கலாம். உறைய வைக்கிற வசதி கொழும்பின் தனியார் கருவள நிலையங்களில் இருக்கிறது. பருவமடைந்த பையனென்றால் 16, 17 வயதிலும் முடியும். உறைந்த மனித விந்தணுவால் பெண்கள் கருத்தரித்தது 1953இலேயே. திரவ நைதரசனில், பூச்சியத்துக்குக் கீழே 196 பாகையில், பல வருடங்கள் கெடாமல் இருக்கும். அவசரத்திலும் பயத்திலும் பெற்றோருக்கு இது நினைவு வராது. வந்தாலும் மகனுக்கு முன்னால் கேட்கக் கூச்சமாக இருக்கும். அப்படியென்றால் தகப்பன் தனியாக வைத்தியரைச் சந்தித்துக் கேட்கட்டும். மாதிரி கொடுக்க ஓரிரு நாட்கள் போதும்.